மூடி போட்டால் நின்றுவிடும் மோட்டார்

“இனிமேல் இன்னொரு படகு மோட்டார் இந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் என் பெயர் ஹேமநாதன் இல்லை!”

போன தீபாவளிக்கு முதல் நாள், எரிகிற கற்பூரத்தின் மேல் கையை நீட்டி ஹேமநாதன் செய்த சத்தியம் இது. அவராக ஆசைப்பட்டுச் செய்யவில்லை. அவருடைய மோட்டார்களில் ஒன்று, அவர் மனைவி பிரேமலா காலையெல்லாம் முதுகு ஒடிய உட்கார்ந்து போட்ட மயில் கோலத்தின் மேல் கறுப்பு எண்ணெயைக் கக்கிவைத்துவிட்டது. மயில் காக்கையாகிவிட்டது. பிரேமலா உள்ளே போனாள். கற்பூரத் தட்டைக் கொண்டுவந்து கணவருக்கு முன்னால் வைத்தாள். மற்றதை அவரே புரிந்துகொண்டார்.

உலு திராம் ஊரில் ஒரு வரிசை வீடு அவர்களுடையது. வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்த ஒரு போர்ச் உண்டு. அதில் கார் நின்று பல வருஷமாயிற்று. கார் தெருவோர மாமரத்தடியில், மைனாக்களுக்குக் கழிப்பறையாக நின்றது. போர்ச்சில் மோட்டார்கள் நின்றன. நின்றன என்றால் முழுசாக நிற்கவில்லை. ஒன்றின் தலை ஒரு மூலையில், வால் இன்னொரு மூலையில். இன்னொன்றின் குடல் பிஸ்கட் டின்னில்.

ஹேமநாதனுக்கு மீன் பிடிக்கத் தெரியாது. படகில் ஏறினால் தலை சுற்றும். பாசிர் கூடாங்கில் ஒரு சமையல் எண்ணெய் ஆலையில் பம்புகளைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் படகு மோட்டார்களைப் பழுதுபார்ப்பது பொழுதுபோக்கு. “கச்சான் கடையில வேலை பாக்குறவன் வீட்டுக்கு வந்தும் கச்சான் கொறிக்கிற மாதிரி” என்பாள் பிரேமலா.

பழுதுபார்ப்பது என்றுகூட அதைச் சொல்ல முடியாது. ஒரு மோட்டார் ஏன் ஓடவில்லை என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியும்வரை சோறு இறங்காது. தெரிந்துவிட்டால் முகம் மலரும், கை கழுவுவார், அவ்வளவுதான். திரும்பப் பூட்டுவதில் அவருக்கு ஆர்வம் கிடையாது. ஆகவே அந்தப் போர்ச்சில், ஓடாத காரணம் தெரிந்த மோட்டார்கள் ஏராளமாக இருந்தன. ஓடுகிற மோட்டார் ஒன்றுகூட இல்லை.

சத்தியத்தை அவர் காப்பாற்றியும் வந்தார். கோங் கோங்கில் பாக் சமாட்டைப் பார்க்காதவரை.

பாக் சமாட் அங்கே ஆற்றுமுகத்தில் மீன் பிடிக்கும் மலாய்க்காரப் பெரியவர். படகுத்துறையில் எப்போதாவது சந்தித்துப் பேசுகிற பழக்கம். அன்றைக்கு அவர் ஒரு பழைய மோட்டாரைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சின் இனி தா தாவு மாலு, நாதன்” என்றார். வெட்கம் என்பதே தெரியாத இஞ்சின் என்று பொருள்.

“என்ன செய்தது?”

“மேல்மூடியைக் கழற்றினால் ஓடும். மூடியைப் போட்டால் நின்றுவிடும். அம்மணமாக இருந்தால்தான் வேலை செய்வேன் என்கிறது. நான்கு பேர் பார்த்துவிட்டார்கள். ஒருவனுக்கும் காரணம் தெரியவில்லை. நான் வேறு மோட்டார் போட்டுவிட்டேன். உனக்கு வேண்டுமா? சும்மாவே எடுத்துப் போ.”

ஹேமநாதனின் உடம்பில் மின்சாரம் பாய்ந்தது. மூடி போட்டால் நிற்கிறது. கழற்றினால் ஓடுகிறது. ஏன்? மூடியில் என்ன இருக்கிறது? வெறும் தொப்பி! தொப்பி போட்டால் எந்த மனுஷனாவது மூச்சை நிறுத்துவானா?

சத்தியம் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததும் சத்தியத்தையே கழற்றிப் பார்த்தார். ‘இன்னொரு மோட்டார் உள்ளே வந்தால்’ என்றுதானே சொன்னோம்? நம்முடைய மோட்டார் என்றுதானே அதற்கு அர்த்தம்? அடுத்தவன் மோட்டார் வந்தால் குற்றமில்லையே. இப்போது ஓர் அடுத்தவன் வேண்டும்.

அடுத்த வீட்டிலேயே ஒருவர் இருந்தார். லோகேஸ்வரன், சலவைக் கடை வைத்திருப்பவர். ஈ உட்கார்ந்தால்கூட ‘கொஞ்சம் நகர்ந்துக்கிறியா’ என்று கேட்கிற சாது. ஹேமநாதன் அவரை ஒட்டுக்கடைக்கு அழைத்துப்போய், தே தாரிக் வாங்கிக் கொடுத்து, விஷயத்தைச் சொன்னார்.

“என்னோட மோட்டாரா? யோவ், நான் சைவம்யா!”

“மோட்டார் மட்டும் ஆடு கோழியா தின்னுது? பெட்ரோல்தான் குடிக்கும். சுத்த சைவம்.”

“குடிக்கும்னு சொல்ற பாரு, அதுவும் நமக்கு ஆகாது.”

“யாராச்சும் கேட்டா ஆமான்னு தலையாட்டு, போதும். யாரும் கேக்கப் போறதில்ல.”

“உன் சம்சாரம் கேட்டா?”

“அவகிட்ட நான் சொல்லிக்கிறேன். ஒனக்கு ஒரு சித்தப்பா, மெர்சிங்ல மீன் பிடிச்சிக்கிட்டு இருந்தாரு. அவரு கொடுத்தது.”

“எனக்குச் சித்தப்பாவே இல்லையே!”

“இப்ப இருக்காரு. குடி, ஆறிடப் போவுது.”

மோட்டார் வீட்டுக்கு வந்தது. பிரேமலா செனாயில் வேலை முடிந்து திரும்புவதற்குள் அதை மரச்சட்டத்தில் மாட்டி, தோங்கு என்கிற நீலப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, வால் பகுதியை அதற்குள் இறக்கி, பழைய போர்வையால் போர்த்தி வைத்தார் ஹேமநாதன். பிறகு நாற்காலி போட்டு உட்கார்ந்து, சித்தப்பா கதையை ஒப்பித்துப் பார்த்துக்கொண்டார்.

படகு மோட்டாரைக் கிளப்பக் கயிறு இழுக்க வேண்டும். ஹேமநாதன் முதலில் கயிறு திரித்தார்.

கம்பெனி பஸ் வந்து நின்றது. பிரேமலா இறங்கினாள். சப்பாத்தைக் கழற்றினாள். போர்வை போர்த்திய உருவத்தைப் பார்த்தாள். உள்ளே போனாள்.

“கோப்பி குடிச்சிட்டீங்களா?” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

அவ்வளவுதான். வேறு கேள்வி இல்லை.

மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாள் அவள் ஈரத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து மோட்டார் மேலேயே காயப்போட்டாள். அப்போதும் கேட்கவில்லை.

ஹேமநாதனுக்கு இப்போது இரண்டு மர்மங்கள். மூடி போட்டால் மோட்டார் ஏன் வாயை மூடுகிறது? மூடியே போடாத பிரேமலா ஏன் வாயைத் திறக்கவில்லை? முதல் மர்மமாவது ஸ்பேனருக்கு மசியும். இரண்டாவதை எதைக் கொண்டு திருகுவது?

செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பிரேமலா லைன் லீடர். வேலையில் தப்புச் செய்த பெண்ணிடம் அவள் கேள்வியே கேட்பதில்லையாம். பக்கத்தில் போய்ச் சும்மா நிற்பாளாம். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணே மூக்கைச் சிந்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிடுமாம். இதை அவளே கணவரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். அதே மருந்து தனக்குக் கொடுக்கப்படுவது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. சமையலறைக்கே போனார். பிரேமலா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“பிரேமா.”

“ம்.”

“போர்ச்சுல ஒன்னு நிக்குதே.”

“ஆமா.”

“பாத்தியா?”

“துண்டு காயப்போட்டேனே. பாக்காமலா போட்டேன்?”

“என்னன்னு கேக்கலியே?”

“மோட்டார்தானே? அதைக் கேட்டு வேற தெரிஞ்சுக்கணுமா?”

“இல்ல... யாரோடதுன்னு...”

வெண்டைக்காய் நறுக்கிய கை நின்றது. ஹேமநாதனின் மூச்சும் நின்றது.

“யாரோடது?”

அப்பாடா! கேட்டுவிட்டாள்! அணை உடைந்த மாதிரி கொட்டினார். “நம்ம லோகேஸ்வரனோடதுலா! அவனுக்கு மெர்சிங்ல ஒரு சித்தப்பா. மீன் பிடிக்கிறவரு. அவரு கொடுத்துட்டுப் போனது.”

“ஐயோ பாவம். எப்ப போனாரு?”

“சாகல, சாகல! ஈப்போவுக்குப் போயிட்டாரு. மக வீட்டுக்கு.”

“ஓ.” மறுபடியும் வெண்டைக்காய். “அப்ப சரி. அடுத்தவங்க சாமான். நம்ம சாமான் மாதிரி கழட்டிப் போட்டுட்டு விட்டுடாதீங்க. ஓடற மாதிரி செஞ்சு கொடுத்துடுங்க.”

இவ்வளவு சுலபமா! ஹேமநாதன் விசிலடித்துக்கொண்டே வெளியே வந்தார். விசில் பாதியில் நின்றது. பிரேமலா கையைத் துடைத்தபடி அவரைத் தாண்டிப் போய், பக்கத்து வீட்டு வேலியோரம் நின்று குரல் கொடுத்தாள்.

“யோகேஸ்! ஒங்க வீட்டு மோட்டார் எங்க வீட்டுல பத்திரமா இருக்கு. கவலப்படாதே!”

வேலிக்கு அந்தப் பக்கம் லோகேஸ்வரனின் மனைவி யோகேஸ்வரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சட்டை ஒன்று கையிலேயே நின்றது.

“எங்க வீட்டு என்னதுக்கா?”

அன்று சாயங்காலம் பின்சந்திலிருந்து ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வந்தது. லோகேஸ்வரன். முகம் வெளுத்திருந்தது.

“யோவ், நான் மீன் பிடிக்கப் போறேனாம்யா!”

“யார் சொன்னா?”

“யோகேஸ்தான். சித்தப்பா, மோட்டார்னு சொன்னதும் முதல்ல ஏசுனா. நல்லா ஏசுனா. அப்புறம் கொஞ்ச நேரம் யோசிச்சா. அப்புறம் சிரிச்சா. ஏச்சுகூட பரவாயில்ல, அந்தச் சிரிப்புதான்யா பயமா இருக்கு.”

“சிரிச்சா நல்லதுதானே?”

“என்னத்த நல்லது? கல்யாணத்துக்கு முன்னால மூனு வேளையும் மீன் தின்னவளாம். எனக்காகத்தான் வீட்டுல மீன் வாசமே இல்லாம இத்தன வருஷம் இருந்தாளாம். இப்ப நானே மனசு மாறி மோட்டார் வாங்கிட்டேனாம். கண்ணுல தண்ணி வேற. நான் பிடிக்கணுமாம், அவ கொழம்பு வைக்கணுமாம். நாளைக்கே உண்மையச் சொல்லிடப் போறேன்.”

“சொல்லாதய்யா! சொன்னா என் பேரு போயிடும்!”

“போனா போவட்டும். வேற பேரு வெச்சுக்க.”

காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி ஹேமநாதன் அவரை அனுப்பிவைத்தார்.

அன்றிலிருந்து அவர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. முன்பெல்லாம் அவர் மோட்டாருக்கு முன்னால் குந்தினால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இப்போது வேலைக்குக் கிளம்பும்போது பிரேமலா கேட்டாள். “பக்கத்து வீட்டு அண்ணன் மோட்டார் எந்த அளவுல இருக்கு?” திரும்பி வந்ததும் வேலிக்கு மேல் யோகேஸ்வரியின் தலை முளைத்தது. “அண்ணே, எங்க மோட்டாருக்கு எப்படி இருக்கு?” ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் உறவுக்காரரை விசாரிக்கிற மாதிரி. ‘எங்க மோட்டார்’ என்று அவள் சொல்லும்போதெல்லாம் ஹேமநாதனின் நெஞ்சில் யாரோ பிளக்கைத் திருகுவது போலிருந்தது.

மர்மமோ அவிழ மறுத்தது. மூடியைக் கழற்றிவிட்டுக் கயிற்றை இழுத்தால் மோட்டார் பாடிக்கொண்டு ஓடியது. தோங்குத் தண்ணீர் குதித்தது. மூடியை மாட்டினால், முதலில் குரல் கம்மும். பிறகு இருமும். பிறகு செத்துவிடும். மூடி எந்தக் குழாயையாவது நசுக்குகிறதா என்று குழாய்களை நகர்த்திக் கட்டினார். இல்லை. கம்பி எதையாவது தொடுகிறதா? தொடவில்லை. சூடாகிவிடுகிறதோ? தொட்டால் சுடவில்லை. கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பிளக்கை மாற்றினார். எண்ணெய் ஆலையில் பம்பு முன்னால் நிற்கும்போதும் அவர் மனம் மூடிக்குள்ளேயே சுற்றியது. சாப்பாட்டு மங்குக்கு மூடி போடும்போதுகூடக் கை ஒரு நொடி தயங்கியது.

இந்தத் தடவை ஒரு வித்தியாசமும் இருந்தது. கழற்றியதையெல்லாம் திரும்பப் பூட்ட வேண்டியிருந்தது. அடுத்தவன் சாமான் ஆயிற்றே! வேலிக்கு மேல் ஒரு தலை பார்த்துக்கொண்டே இருக்கிறதே! பூட்டப் பூட்ட, எது எதற்குப் பக்கத்தில் உட்காருகிறது, ஏன் உட்காருகிறது என்று அவருக்குப் புதிதாக விளங்கியது. கழற்றும்போது தெரியாத எத்தனையோ சங்கதிகள் பூட்டும்போது தெரிந்தன. இத்தனை காலம் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்து முதல் பக்கம் வருவதற்குள் மூடிவைத்திருக்கிறோமோ என்று தோன்றியது.

ஒரு சனிக்கிழமை காலை. ஹேமநாதன் தரையில் மல்லாந்து படுத்து மோட்டாரின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேமலா மூலையில் கிடந்த மேல்மூடியை எடுத்துக்கொண்டு போனாள்.

“அதை எங்க கொண்டுபோற?”

“கழுவத்தான். எவ்வளவு அழுக்கு! அடுத்தவங்களுக்குக் கொடுக்கறப்ப சுத்தமா கொடுக்க வேண்டாம்?”

சாக்கடையோரம் மூடியை மல்லாத்திப் போட்டு, கிண்ணம் மாதிரி நிறுத்தி, சவர்க்காரத் தண்ணீரை ஊற்றினாள்.

“என்னங்க, இந்த மூடி ஒழுகுமா, ஒழுகாதா?”

“எதுக்கு?”

“பின்னால பெரிய ஓட்டை இருக்கு. ஆனா தண்ணி அப்படியே நிக்குது.”

ஹேமநாதன் எழுந்த வேகத்தில் மரச்சட்டத்தில் நெற்றி இடித்தது. ஓடிவந்து பார்த்தார். காற்று போகிற ஓட்டை அது. வெளியிலிருந்து பார்த்தால் திறந்துதான் இருந்தது. உள்ளே வளைகிற இடத்தில்... திருப்புளியை விட்டுக் குத்தினார். சளக்கென்று தண்ணீர் இறங்கியது. கூடவே, பிடி கொழுக்கட்டை அளவுக்கு ஒரு மண் கட்டி வந்து விழுந்தது. அதில் வரிசையாகக் குழல் குழலாகத் துளைகள்.

“குளவி! குளவி!” என்று கூவினார் ஹேமநாதன்.

“அலமாக்! எங்க? எங்க?” பிரேமலா வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். வேலிக்கு மேல் யோகேஸ்வரி விளக்குமாற்றோடு முளைத்தாள்.

“குளவி இல்ல, குளவி கட்டுன வீடு! காலி வீடு! பிரேமா, மூச்சு! மூச்சுதான்! மூடி வழியாத்தான் உள்ள காத்து போகணும். குளவி மண்ணு வெச்சு அடைச்சிடுச்சு. எல்லாரும் மோட்டாரையே பாத்தோம், ஒருத்தனும் மூடியப் பாக்கல. இது வெக்கம் கெட்ட மோட்டார் இல்ல, மூச்சுத் திணறுன மோட்டார்!”

மூடியை மாட்டினார். கயிற்றை இழுத்தார். மோட்டார் கிளம்பியது. காத்திருந்தார். குரல் கம்மவில்லை. இருமவில்லை. மூடிக்குள்ளிருந்து நிதானமாக, சாப்பிட்டுத் தூங்குகிற மனுஷனின் குறட்டை போல ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் போர்ச்சில் முதல் தடவையாக, தலையும் வாலும் தொப்பியுமாக முழு மோட்டார் ஒன்று ஓடியது. எதிர்வீட்டுச் சீனக் கிழவர்கூட வெளியே வந்து கட்டைவிரலைக் காட்டினார். பிரேமலா நனைந்த கையோடு கைதட்டினாள். அவள் ஒரு மோட்டாரைப் பார்த்துச் சிரித்து ஹேமநாதன் பார்த்ததில்லை.

இதை யாருக்கும் கொடுக்க முடியாது என்று அந்தக் கணத்தில் அவர் நெஞ்சு சொன்னது.

“அண்ணனைக் கூப்பிடுங்க. கொடுத்துடலாம்” என்றாள் பிரேமலா.

ஹேமநாதன் மோட்டாரை நிறுத்தினார். நிற்க மனமில்லாமல் நின்றது அது. உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். தலைக்கு மேல் போனால் சாண் என்ன, முழம் என்ன?

“பிரேமா, ஒரு விஷயம் சொல்லணும்.”

“சொல்லுங்க, ஹேமநாதன்.”

கல்யாணமான நாளாக அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கற்பூரத்தின் மேல் பணயம் வைத்த அதே பெயர், குளவி மண் மாதிரி, சொல்ல வந்ததை அடைத்துவிட்டது.

“ஒன்னுமில்ல” என்றார்.

யோகேஸ்வரி தாம்பாளத்தில் லட்டோடு வந்தாள். மோட்டாருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். லோகேஸ்வரன் அதைத் தூக்கும்போது, சவ ஊர்வலத்துக்குத் தோள் கொடுப்பவர் போலிருந்தார். ஹேமநாதன் மறுபக்கம் பிடித்தார். அவர் முகமும் அப்படித்தான் இருந்தது.

மறு ஞாயிறு நான்கு பேரும் கோங் கோங்குக்குப் போனார்கள். படகுத்துறையில், யார் சொல்லிவைத்தார்களோ, பாக் சமாட் தன் பழைய படகைக் கழுவித் தயாராக வைத்திருந்தார். மோட்டாரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

“நாதன்! நான் உனக்குக் கொடுத்த இஞ்சின்தானே இது?”

ஹேமநாதனுக்குப் பலமாக இருமல் வந்தது. பிரேமலா சிரித்துக்கொண்டே மலாயில் பதில் சொன்னாள். “அதேதான், பாக். உங்கள் மகள் என்னிடம் சொன்னாளே.”

ஹேமநாதனின் இருமல் நின்றது. “எந்த மக?”

“அவரு மக என் லைன்லதானே வேலை செய்யுது. ‘அப்பா ஒங்க வீட்டு ஐயாவுக்கு ஒரு இஞ்சின் கொடுக்கப் போறாரு’ன்னு, அது நம்ம வாசலுக்கு வர்றதுக்கு முன்னாலயே சொல்லிடுச்சு.”

“அப்ப... வந்த அன்னிக்கே ஏன் கேக்கல?”

“கேட்டிருந்தா சண்டை வந்திருக்கும். சண்டை முடிஞ்சு, இதுவும் மத்ததுங்க மாதிரி தலை வேற வால் வேறயா கெடந்திருக்கும். அடுத்தவங்களோடதுன்னு நீங்களே சொன்னீங்க. அதான் பூட்டினீங்க. ஒங்க கையால ஒன்னு ஓடறத நான் ஒரு தடவையாவது பாக்க வேண்டாமா?”

லோகேஸ்வரன் மெல்லக் கேட்டார். “அப்ப யோகேஸுக்கும்...?”

யோகேஸ்வரி பிரேமலாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். பையிலிருந்து புத்தம் புதிய தூண்டில் ஒன்றை உருவி, நீட்டி, வீசிப் பார்த்தாள். இரைக்கு வைத்த இறால் டப்பாவைக் கணவர் கையில் கொடுத்து, “இதைப் பிடிங்க, ஏறிட்டு வாங்கிக்கிறேன்” என்றாள். அவர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தார்.

மோட்டார் படகின் பின்னால் மாட்டப்பட்டது. பாக் சமாட் ஒரே இழுப்பில் கிளப்பினார். உப்புத் தண்ணீரில் அதன் குரலே வேறு மாதிரி இருந்தது. தோங்குக்குள் கேட்டது முனகல், இது பாட்டு. ஏன் இப்படி மாறுகிறது என்று ஹேமநாதனுக்குத் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. யோகேஸ்வரி ஏறினாள். பிரேமலா மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினாள். தலை சுற்றினால் சுற்றட்டும் என்று ஹேமநாதன் சிலுவாரை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஒரு காலைப் படகில் வைத்தார்.

“நீங்க எங்க வர்றீங்க?” என்றாள் பிரேமலா.

“நடு ஆத்துல நின்னுட்டா ஆளு வேணாமா?”

“நின்னா பாக் சமாட் பாத்துக்குவாரு. நிக்காம ஓடுச்சுன்னாதான் ஆபத்து. ஏன் நிக்கலன்னு நீங்க கழட்டிப் பாப்பீங்க.”